இரவுப் படத்தின் இரைச்சல்: அழிப்பதா, அளப்பதா?

நெய்வேலியில் இரவும் வேலை நேரம்தான். 1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவாகி, 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்து, 1962-இல் இங்கே முதல் மின்சாரம் பிறந்தது. அன்றிலிருந்து இந்த ஊரில் ஷிப்டு மாறுகிறதே தவிர விளக்கு அணைவதில்லை. மேல்மண்ணை வெட்டும் ராட்சத பக்கெட் வீல் இயந்திரங்கள், மைல் கணக்கில் ஓடும் கன்வேயர் பெல்ட்டுகள், அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள், அவற்றுக்கு மேலே மார்கழி வானத்தில் ஏறிவரும் மிருகசீரிடம் என, கேமராவைத் தாங்கியில் நிறுத்தி முப்பது விநாடியோ ஐந்து நிமிடமோ ஒளியை வாங்கி எடுக்கும் படங்களுக்கு இங்கே பொருளுக்குப் பஞ்சமில்லை. லாங் எக்ஸ்போஷர் என்று சொல்லப்படும் இந்த நெடுநேரப் படங்கள் எல்லாவற்றிலும் ஒரு குறை ஒட்டிக்கொண்டு வருகிறது. கருமையாக இருக்க வேண்டிய இடத்தில் மணல் தூவியதுபோல் புள்ளிகள். அவற்றின் நடுவே சிவப்பும் நீலமும் பச்சையுமாக எரியும் ஒற்றைப் பொட்டுகள். இதைத்தான் இரைச்சல் என்கிறோம். இன்று நான் முன்வைக்கும் கருத்து ஒன்றே ஒன்று. இரைச்சலைப் படம் எடுத்த பிறகு மென்பொருளால் மழுப்புவது தீர்வாகாது. அது எங்கிருந்து வருகிறது என்று பிரித்தறிந்து, அளக்கக்கூடியதை அளந்து கழித்து, அளக்க முடியாததைச் சராசரியால் தணித்து, மிஞ்சுவதை அதன் பிறப்பிடத்திலேயே குறைப்பதுதான் தீர்வு. நெய்வேலி போன்ற வெப்பமும் வெளிச்சமும் மிகுந்த ஊரில் இந்த வரிசை தவறினால் படம் தப்பாது.

முதலில் பிறப்பிடங்களைப் பார்ப்போம். கேமராவின் சென்சார் ஒரு சிலிக்கான் தகடு. அதில் கோடிக்கணக்கான பிக்சல்கள் இருக்கின்றன. ஒளித்துகள் விழும்போது பிக்சலில் எலெக்ட்ரான் விடுபடுகிறது. அவற்றை எண்ணிச் சொல்வதுதான் சென்சாரின் வேலை. இதில் மூன்று விதமான பிழைகள் சேர்கின்றன. முதலாவது ஒளியிலேயே இருக்கிறது. ஒளித்துகள்கள் சீரான இடைவெளியில் வருவதில்லை. சராசரியாக 100 எலெக்ட்ரான் சேர வேண்டிய பிக்சலில் ஒருமுறை 92 சேரும், மறுமுறை 107 சேரும். இந்த ஏற்ற இறக்கத்தின் அளவு, எண்ணிக்கையின் வர்க்கமூலம். 100-க்கு 10, பத்தாயிரத்துக்கு 100. அதாவது ஒளி நூறு மடங்கு கூடினால் இரைச்சல் பத்து மடங்குதான் கூடுகிறது. அதனால்தான் ஒளி நிறைந்த படம் தெளிவாகத் தெரிகிறது. இரண்டாவது பிழை, எண்ணிய கணக்கை வாசித்து வெளியே எடுக்கும் மின்சுற்றில் நேர்வது. நல்ல கேமராவில் இது படம் ஒன்றுக்கு, பிக்சல் ஒன்றுக்கு, சில எலெக்ட்ரான்கள்தான். ஐந்து விநாடி எடுத்தாலும் ஐந்து நிமிடம் எடுத்தாலும் இது மாறாது. மூன்றாவதுதான் நெடுநேரப் படத்துக்கே உரியது. சிலிக்கானின் வெப்பம், ஒளியே விழாதபோதும் எலெக்ட்ரான்களை உதறிவிடுகிறது. இதை இருள்மின்னோட்டம் என்பார்கள். நேரம் கூடக் கூட இது சேர்ந்துகொண்டே போகும். சென்சாரின் வெப்பநிலை ஏறத்தாழ ஆறு டிகிரி செல்சியஸ் உயரும்போதெல்லாம் இரட்டிப்பாகும். எல்லாப் பிக்சலிலும் இது ஒரே அளவில் இருப்பதில்லை. தயாரிப்பின் நுண்ணிய குறைகளால் சில பிக்சல்கள் மற்றவற்றைவிடப் பலமடங்கு கசிகின்றன. படத்தில் எரியும் வண்ணப் பொட்டுகள் இவைதாம். ஹாட் பிக்சல் என்பது இவற்றின் பெயர்.

இந்த மூன்றாவது பிழையில்தான் நம் ஊரின் பருவம் நுழைகிறது. ஒரு கணக்குக்காக, சென்சார் 20 டிகிரியில் இருக்கும்போது ஒரு பிக்சலில் விநாடிக்கு 0.2 எலெக்ட்ரான் கசிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து நிமிடத்தில் 60 எலெக்ட்ரான் சேரும். அதன் ஏற்ற இறக்கம் ஏறக்குறைய 8. அதே கேமராவை அக்னி நட்சத்திர இரவில் வெளியே வைத்தால், நள்ளிரவிலும் காற்று 28 டிகிரிக்குக் கீழே இறங்காத நாள்கள் உண்டு. கேமராவின் உள்ளே மின்சுற்றும் பேட்டரியும் தரும் சூடு வேறு. சென்சார் 38 டிகிரியை எட்டினால் 18 டிகிரி வேறுபாட்டில் கசிவு மூன்று முறை இரட்டித்து எட்டு மடங்காகிறது. 60 இருந்த இடத்தில் 480. ஏற்ற இறக்கம் 8-லிருந்து 22. கேமராவின் தரம் மாறவில்லை, அமைப்பு மாறவில்லை, இரவு மட்டும் மாறியிருக்கிறது. குளிர்நாட்டு ஒளிப்படக்காரர்கள் எழுதிய வழிகாட்டியில் உள்ள நிமிடக் கணக்கை அப்படியே இங்கே பின்பற்றினால் படம் கெடுவதற்குக் காரணம் இதுதான்.

வானியலாளர்கள் இந்த எதிரியை முன்பே சந்தித்தவர்கள். ஜவ்வாது மலையில் ஆலங்காயத்தை அடுத்த காவலூரில் உள்ள வைணு பாப்பு வானாய்வகத்தில் 1986-இல் 2.34 மீட்டர் தொலைநோக்கி தொடங்கிவைக்கப்பட்டது. உலகெங்கும் வானாய்வகங்கள் ஒளிப்படத் தகட்டிலிருந்து சிசிடி எனும் மின்னணு உணரிக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. சிசிடியை 1969-இல் பெல் ஆய்வகத்தில் வில்லர்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் உருவாக்கினார்கள். 2009-இல் அதற்காக நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். மங்கிய விண்மீனை ஒரு மணி நேரம் பார்க்க வேண்டிய வானியலாளர், உணரி கசியும் எலெக்ட்ரானை விண்மீனின் எலெக்ட்ரானாக எண்ணிவிடக் கூடாது. எனவே வானாய்வகச் சிசிடிகளைத் திரவ நைட்ரஜன் போன்றவற்றால் உறைநிலைக்கு நூறு டிகிரி கீழே வரை குளிரவைக்கிறார்கள். அந்தக் குளிரில் கசிவு ஏறத்தாழ நின்றே போகும். ஆனால் அவர்கள் குளிர்விப்பதோடு நிற்பதில்லை. மூடியைத் திறக்காமலே எடுத்த படங்கள், நேரமே தராமல் வாசித்த படங்கள், சீரான ஒளியில் எடுத்த படங்கள் என்று ஒவ்வொரு இரவும் உணரியையே அளந்து வைத்துக்கொள்கிறார்கள். ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியின் கேமராக்களில் கதிர்வீச்சால் பெருகும் ஹாட் பிக்சல்களைக் குறைக்க உணரியை அவ்வப்போது சூடேற்றி மீண்டும் குளிர்விக்கிறார்கள். அதன்பிறகும் மிஞ்சுவதை அளந்து கழிக்கிறார்கள். உலகின் மிகச் சிறந்த உணரிகளை வைத்திருப்பவர்களே அளவீட்டை விடவில்லை என்பது நாம் கவனிக்க வேண்டிய முதல் சான்று.

நம்மிடம் திரவ நைட்ரஜன் இல்லை. ஆனால் அளவீடு நம் கைக்கு எட்டியது. கேமராவின் மூடியைப் போட்டுவிட்டு, அதே ஐஎஸ்ஓ உணர்திறன், அதே நேரம், அதே வெப்பநிலையில் ஒரு படம் எடுத்தால் அதில் பதிவது சென்சாரின் கசிவும் சிறு வாசிப்புப் பிழையும் மட்டும். இதுதான் டார்க் ஃபிரேம், இருட்டுப் படம். கடைக்காரர் எண்ணெய் நிறுப்பதற்கு முன் காலிப் பாத்திரத்தை நிறுத்துக் கழிப்பதுபோல, உண்மைப் படத்திலிருந்து இருட்டுப் படத்தைப் பிக்சலுக்குப் பிக்சல் கழிக்கிறோம். ஹாட் பிக்சல்கள் இருந்த இடம் தெரியாமல் போகும். பெரும்பாலான கேமராக்களில் ‘லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன்’ என்ற அமைப்பு செய்வது இதையேதான். ஐந்து நிமிடப் படம் எடுத்ததும் கேமரா இன்னொரு ஐந்து நிமிடம் பூட்டிக்கொள்கிறதே, அப்போது அது திரையை மூடிக்கொண்டு தன் கசிவைத் தானே அளக்கிறது.

ஆனால் இந்தத் தானியங்கி முறையில் ஒரு குறை இருக்கிறது, அதைக் கணக்குப் போட்டால்தான் புரியும். நாம் பார்த்த எடுத்துக்காட்டில் கசிவின் சராசரி 480, ஏற்ற இறக்கம் 22. இருட்டுப் படத்தைக் கழித்தால் சராசரி போய்விடும். ஏற்ற இறக்கம் போகாது. ஏனென்றால் அது ஒவ்வொரு முறையும் புதிதாக விழும் பகடை. அதுமட்டுமல்ல, கழிக்கப்படும் இருட்டுப் படத்துக்கும் தன் சொந்த ஏற்ற இறக்கமாக இன்னொரு 22 உண்டு. இரண்டும் சேரும்போது, இவ்வகைப் பிழைகள் வர்க்கக் கூட்டலில் சேர்வதால், 31 ஆகிறது. ஆக, ஒரே ஓர் இருட்டுப் படத்தைக் கழிக்கும் கேமரா ஹாட் பிக்சலை நீக்கும் அதே வேளையில் கசிவின் மெல்லிய இரைச்சலை 40 விழுக்காட்டுக்கு மேல் கூட்டிவிடுகிறது. இதற்கு மாற்று எளிது. பதினாறு இருட்டுப் படங்கள் எடுத்துச் சராசரி கண்டால், அந்தச் சராசரியின் ஏற்ற இறக்கம் நான்கில் ஒரு பங்காக, 5.5 ஆகக் குறையும். அதைக் கழித்தால் மொத்தம் 23-க்குள் நிற்கும். பதினாறு முறை மூடி போட்டு எடுத்தால் கிடைக்கும் லாபம் 31-க்கும் 23-க்கும் உள்ள வேறுபாடு. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. இருட்டுப் படங்களை அந்த இடத்திலேயே, அந்த இரவிலேயே, உண்மைப் படங்களுக்கு இடையிடையே எடுக்க வேண்டும். மறுநாள் குளிரூட்டிய அறையில் எடுத்தால் வெப்பநிலை வேறு, கசிவு வேறு. அது இன்னொரு பாத்திரத்தின் எடை.

அளந்து கழித்த பிறகும் நிற்கும் தற்செயல் ஏற்ற இறக்கத்துக்கு மருந்து சராசரி ஒன்றுதான். ஒரே காட்சியைப் பல படங்களாக எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திச் சேர்ப்பதை ஸ்டேக்கிங் என்கிறார்கள். 1995 டிசம்பரில் ஹப்பிள் தொலைநோக்கி வானத்தின் ஒரு சிறு பகுதியைப் பத்து நாள்கள் நோக்கி எடுத்த புகழ்பெற்ற ஆழ்வெளிப் படம், 342 தனித்தனி ஒளியேற்றங்களைச் சேர்த்துச் செய்தது. இடையிடையே தொலைநோக்கியைச் சற்றே நகர்த்தியும் எடுத்தார்கள். நகர்த்தியதன் காரணம் அழகானது. விண்மீன் வானத்தோடு நகரும். ஹாட் பிக்சலோ சென்சாரோடு ஒட்டிக்கொண்டு அதே இடத்தில் நிற்கும். படங்களை விண்மீன்களின்படி பொருத்தும்போது, இடம் மாறாதது எது, வானத்தைச் சேர்ந்தது எது என்று பிரிந்துவிடுகிறது. அசையாத தாங்கியில் கேமராவை வைத்திருக்கும் நமக்கு இந்த நகர்வைப் பூமியே இலவசமாகத் தருகிறது. மணிக்கு 15 டிகிரி வானம் நகர்கிறது. டீப்ஸ்கைஸ்டேக்கர், சிரில் போன்ற இலவச மென்பொருள்கள் இருட்டுப் படங்களைக் கழித்து, விண்மீன்களைப் பொருத்தி, மற்றவற்றோடு ஒத்துப்போகாத புள்ளியைத் தள்ளிவிட்டுச் சராசரி காண்கின்றன. அசையாமல் நிற்கும் இயந்திரத்தையோ புகைபோக்கியையோ எடுப்பவருக்குப் பொருத்த வேண்டிய வேலையும் இல்லை. அவை நின்ற இடத்தில் நிற்கின்றன.

இங்கே சிலர் கேட்பார்கள். ஐந்து நிமிடத்தைத் துண்டு துண்டாக வெட்டினால், ஒவ்வொரு துண்டிலும் வாசிப்புப் பிழை தனித்தனியாகச் சேருமே என்று. நியாயமான கேள்வி. விடை இடத்தைப் பொறுத்தது. வாசிப்புப் பிழை 3 எலெக்ட்ரான் என்று கொள்வோம். குளிர்வித்த உணரியோடு இருண்ட மலைமேல் இருப்பவருக்கு, ஐந்து நிமிடத்தில் வானத்திலிருந்து 150 எலெக்ட்ரான்தான் வருகிறது என்றால், ஒரே படத்தில் மொத்த இரைச்சல் 12.6. பத்துத் துண்டாக எடுத்தால் 15.5. அவருக்கு வெட்டுவது நட்டம். நெய்வேலிக்காரரின் கணக்கு வேறு. சுரங்கத்தின், அனல்மின் நிலையத்தின், நகரியத்தின் வெளிச்சத்தால் வானமே மஞ்சளாக இருக்கிறது. அதே ஐந்து நிமிடத்தில் வானத்திலிருந்து 3,000 எலெக்ட்ரான் வருவதாகக் கொண்டு, வெப்பக் கசிவு 480-ஐயும் சேர்த்தால், ஒரே படத்தில் இரைச்சல் 59.1. பத்துத் துண்டாக எடுத்தால் 59.7. வேறுபாடு நூற்றுக்கு ஒன்றுதான். அதற்கு ஈடாகக் கிடைப்பவை பல. ஒரு லாரியின் முகப்பு விளக்கு குறுக்கே போனால் ஒரு துண்டு மட்டும் கெடும். வெளிச்சமான விளக்குகள் வெளுத்துப் போகா. விண்மீன்கள் கோடாக நீளா. ஆகவே ‘நேரம் கூடினால்தான் நல்ல இரவுப் படம்’ என்ற எண்ணத்தை நாம் விட்டுவிட வேண்டும். நம் ஊருக்கு உகந்தது பல குறுநேரப் படங்களும் பல இருட்டுப் படங்களும்.

அடுத்த மறுப்பு இன்று மிகவும் வலுவானது. செயற்கை நுண்ணறிவு மென்பொருள் ஒரே சொடுக்கில் இரைச்சலைத் துடைத்துவிடும்போது இவ்வளவு பாடு எதற்கு என்பது. அந்த மென்பொருள்களின் திறமையை நான் மறுக்கவில்லை. கல்யாண வரவேற்பில் எடுத்த மங்கலான படத்துக்கு அவை போதும். ஆனால் அவை செய்வது அளவீடு இல்லை, ஊகம். இதுவரை பார்த்த ஏராளமான படங்களைக் கொண்டு, இந்தப் புள்ளி இருக்கத்தக்கதா இல்லையா என்று தீர்மானிக்கின்றன. ஊகம் எங்கே தவறும் என்பதற்கு ஒளிப்பட உலகமே ஒரு சான்று தந்திருக்கிறது. சில கேமராக்கள், சில விநாடிகளுக்கு மேற்பட்ட படங்களில் அக்கம்பக்கத்தைவிட மிகப் பிரகாசமாக உள்ள ஒற்றைப் பிக்சலை ஹாட் பிக்சல் என்று கருதி, ரா எனும் மூலக் கோப்பிலேயே நீக்கிவிட்டன. கூர்மையான லென்சில் ஒரு சிறு விண்மீன் ஒற்றைப் பிக்சலில்தான் விழுகிறது. அதனால் விண்மீன்களும் சேர்ந்து மறைந்தன. ஒளிப்படக்காரர்கள் அந்தக் கேமராக்களுக்கு ‘நட்சத்திரத் தின்னி’ என்றே பட்டம் கொடுத்தார்கள். பளிச்சென்ற ஒரு புள்ளியை மட்டும் பார்த்து அது விண்மீனா பிழையா என்று எந்த அறிவாலும் உறுதியாகச் சொல்ல முடியாது. மூடி போட்டு எடுத்த படத்தில் அது இருந்தால் பிழை, இல்லாவிட்டால் வானம். அளவீட்டுக்கும் ஊகத்துக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் இந்த ஒரு சோதனையில் அடங்கியிருக்கிறது. அளந்து கழித்துச் சராசரி கண்ட படத்தின்மேல் இலேசாக மென்பொருளை ஓட்டுபவரை நான் குறைசொல்ல மாட்டேன். முதல் படியைத் தாண்டாமல் கடைசிப் படிக்குத் தாவுவதைத்தான் எதிர்க்கிறேன்.

ஒளிப்படம் கலை, அதில் ஏன் ஆய்வகக் கணக்கு என்பவர்களும் உண்டு. பிலிம் காலத்துப் படங்களின் மணல்தன்மைக்கு ஓர் அழகு இருந்தது, இரைச்சலும் அப்படித்தான் என்பார்கள். ஆனால் பிலிமின் மணல்தன்மை படத்துக்குப் படம் வேறாக, தளம் முழுதும் ஒருசீராகப் பரவியிருக்கும். ஹாட் பிக்சலோ எல்லாப் படத்திலும் அதே இடத்தில் அதே நிறத்தில் வந்து குத்தும். கலைஞர் தேர்ந்தெடுக்காத எதையும் அவருடைய பாணி என்று சொல்ல முடியாது. மணல்தன்மை வேண்டுமென்றால் தெளிந்த படத்தில் அதைச் சேர்த்துக்கொள்ளலாம். இழந்த விண்மீனைச் சேர்க்க முடியாது. மேலும் இந்த ஊரின் இரவுப் படங்கள் கலையாக மட்டும் இருக்கப் போவதில்லை. 1962-இல் மின்சாரம் தரத் தொடங்கிய முதல் அனல்மின் நிலையம் 2020-இல் ஓய்வுபெற்றுவிட்டது. அதன் இரவுத் தோற்றத்தை இனி ஒருவராலும் எடுக்க முடியாது. எடுத்தவர்களிடம் உள்ள ரா கோப்புகள்தாம் ஆவணம். இன்று எடுக்கப்படும் படங்களும் நாளை அந்த நிலையை அடையும். ஆவணத்தில் ஊகம் கலக்கக் கூடாது.

இப்போது கடைசிக் கணக்குக்கு வருகிறேன். இது என்னைப் பொறுத்தவரை மிக முக்கியமானது. நம் எடுத்துக்காட்டில் மொத்த இரைச்சல் 59. அறிவியல் அற்புதம் ஒன்று நிகழ்ந்து சென்சாரின் வெப்பக் கசிவு முழுவதும் நின்றுவிட்டது என்று வைத்துக்கொண்டாலும் இரைச்சல் 55-க்குத்தான் இறங்கும். ஏனென்றால் பெரும்பங்கு சென்சாரிலிருந்து வரவில்லை, வெளுத்த வானத்திலிருந்து வருகிறது. வானத்தின் மஞ்சள் நிறத்தைக் கணினியில் கழித்துவிடலாம். அந்த ஒளி கொண்டுவந்த ஏற்ற இறக்கத்தைக் கழிக்க முடியாது. அதே வானொளியைப் பாதியாகக் குறைத்தால் இரைச்சல் 45-க்கு இறங்குகிறது. ஆக, விலையுயர்ந்த கேமரா வாங்குவதைவிடத் தெருவிளக்குக்கு ஒரு மூடி போடுவது நல்ல படத்துக்கு அதிகம் உதவும். விளக்கில்லாமல் சுரங்கம் ஓடுமா, தொழிலாளியின் உயிர் முக்கியமா நட்சத்திரம் முக்கியமா என்று கேட்கலாம். உயிர்தான் முக்கியம். அதனால்தான் சொல்கிறேன், வெளிச்சம் வேலை நடக்கும் தரையில் விழட்டும். மேல்நோக்கியும் பக்கவாட்டிலும் சிதறும் ஒளி எந்தத் தொழிலாளிக்கும் உதவுவதில்லை. எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைப்பதுதான் மிச்சம். லடாக்கில் 4,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஹான்லே, 2022-இல் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்கே கிராம மக்கள் விளக்குகளுக்கு மறைப்புப் போட்டும், சன்னல்களுக்குத் திரை போட்டும் இரவைக் காக்கிறார்கள். அவர்கள் விளக்கில்லாமல் வாழவில்லை, விளக்கை அடக்கி வாழ்கிறார்கள். நெய்வேலி ஹான்லே ஆக முடியாது, ஆக வேண்டியதும் இல்லை. ஆனால் வானத்துக்கு வீணாகப் போகும் ஒவ்வொரு யூனிட் மின்சாரமும் இந்த மண்ணைத் தோண்டி எடுத்த பழுப்பு நிலக்கரியில் பிறந்தது என்பதை வேறெந்த ஊரையும்விட நாம் நன்றாக அறிவோம்.

எனவே இரண்டு வேண்டுகோள்கள். ஒளிப்படம் எடுக்கும் இளைஞர்களுக்கு: அடுத்த முறை இரவில் கேமராவோடு கிளம்பும்போது ரா கோப்பில் எடுங்கள். ஒரு நெடுநேரப் படத்துக்குப் பதில் பல குறுநேரப் படங்கள் எடுங்கள். அந்த இடத்தை விட்டு நகர்வதற்குள் மூடியைப் போட்டுப் பதினாறு இருட்டுப் படங்களாவது எடுத்து, அவற்றையும் படங்களோடு சேர்த்துப் பாதுகாத்து வையுங்கள். நாளை இன்னும் நல்ல மென்பொருள் வந்தாலும் அதற்கு அந்த அளவீடு தேவைப்படும். நகரியத்தையும் சுரங்கத்தையும் நிர்வகிக்கும் பொறியாளர்களுக்கு: புதிதாகப் பொருத்தும் விளக்குகளிலாவது ஒளி கீழ்நோக்கி மட்டும் விழும்படி மூடியுள்ளவற்றைத் தேர்ந்தெடுங்கள். நாட்டுக்கு வெளிச்சம் தரும் ஊர், அந்த வெளிச்சத்தை எப்படிச் சிதறாமல் பயன்படுத்துவது என்பதிலும் நாட்டுக்கு வழிகாட்ட வேண்டும்.